கைக்குழந்தையோடு கப்பல் பயணம்... டிக்கெட்டை யாரிடம் எடுக்கலாம்?

தாம்பரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, யு.கே.ஜி படிக்கும் 5 வயது மகள், பிறந்து 4 மாதமே ஆன மகன், கூடவே பாட்டி. ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒரு படத்தைத் தட்டிவிடுகிறார். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், நடுவில் பெரிய எழுத்தில் ‘3 இரவுகள்... குழந்தைகளுக்கு இலவசம்... இன்று ஒரு நாள் மட்டும்!’

“ஏங்க, பாப்பாவுக்கு லீவு விட்டதும் போயிட்டு வந்துடலாமா? அத்தையும் கடலைப் பார்த்த மாதிரி இருக்கும்.”

“போலாமே. இரு, ஆப்ல எவ்வளவு காட்டுதுன்னு பார்க்கிறேன்.”

அடுத்த அரை மணி நேரத்தில் கார்டு எண்ணைத் தட்டும் இடம் வரை வந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டைவிரல் நிற்க வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால், அந்த விளம்பரம் 5 வயது மகளை நினைத்துப் போடப்பட்டது. 4 மாத மகனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

முதலில் பிறந்த தேதி, பிறகு விலை

பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. ராயல் கரீபியன், டிஸ்னி இரண்டிலுமே இதுதான் பொதுவான விதி. கரையைத் தொடாமல் பல நாள்கள் தொடர்ந்து கடலிலேயே செல்லும் நீண்ட பயணம் என்றால், இந்த வயது 12 மாதமாக உயர்ந்துவிடும். இந்த வயதைக் கணக்கிடுவது டிக்கெட் எடுக்கும் நாளில் அல்ல, கப்பல் கிளம்பும் நாளில். பிறந்த தேதியைப் பார்த்து, ஒரு வாரம்தானே குறைகிறது என்று யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இதில் கெடுபிடி காட்டுவதற்குக் காரணம் உண்டு. கப்பலில் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள். ஆனால், பச்சிளம் குழந்தைக்குத் தேவையான தீவிர சிகிச்சைக்கான ஏற்பாடு இருக்காது. நடுக்கடலில் இருந்து அடுத்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு முழு நாளும் ஆகலாம். கர்ப்பிணிகளுக்கும் இதே காரணத்தால் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். பயணத்தின் எந்த நாளிலும் 24-வது வாரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பது பல நிறுவனங்களின் விதி. இரண்டாவது குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டே மூத்த குழந்தைக்காகப் பயணம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். டெர்மினல் வரை போய்த் திரும்ப நேர்ந்தால், அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவதைவிடப் பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம்.

மூன்று வயது இன்னொரு எல்லைக்கோடு. குழந்தைகளைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் இலவச ‘கிட்ஸ் கிளப்’புகள் பொதுவாக 3 வயதில் தொடங்குகின்றன. டயப்பர் பழக்கம் விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வரும். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சில கப்பல்களில் நர்சரி உண்டு. அது மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும், இடமும் குறைவு. நீச்சல் குளத்திலும் இதே கதைதான். டயப்பர் போட்ட குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கப் பல கப்பல்களில் அனுமதி இல்லை. தண்ணீருக்கென்றே விற்கும் ஸ்விம் டயப்பர் போட்டிருந்தாலும் பதில் அதேதான். குட்டிகளுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளம்பரப் படத்தில் சறுக்கிக்கொண்டு வருவது 8 வயதுப் பையன் என்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

சென்னையா, சிங்கப்பூரா?

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இப்போது இரண்டு வழிகள். ஒன்று, இந்தியத் துறைமுகத்திலிருந்தே ஏறுவது. 2021 செப்டம்பரில் மும்பையில் பயணத்தைத் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல், 2022 ஜூன் 4-ம் தேதி சென்னைக்கும் வந்தது. முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போய் வந்தது. உள்நாட்டுப் பயணமாக இருந்தால் விமானம் வேண்டாம், விசா வேண்டாம், பெட்டியோடு டாக்ஸியில் துறைமுகத்துக்குப் போய் இறங்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. ஒரே சிக்கல், 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் கப்பல் சென்னைக்கு வந்தது ஜூன் மாதத்தில், அதாவது நம் பள்ளிகள் திறக்கும் நேரத்தில். அட்டவணையைப் பார்த்துவிட்டு லீவைத் திட்டமிட வேண்டும். லீவை முடிவு செய்துவிட்டு அட்டவணையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

இன்னொன்று சிங்கப்பூர். சென்னை, திருச்சி, கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 4 மணி நேரம். மரீனா பே குரூஸ் சென்டரில் நிற்கும் கப்பல்கள் அளவில் பெரியவை, குழந்தைகளுக்கான விளையாட்டுகளும் அதிகம். டிஸ்னியும் தன் ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ கப்பலுக்குச் சிங்கப்பூரைத்தான் தளமாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால், இங்கே கப்பல் டிக்கெட் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். விமானம், விசா, ஓட்டல் எல்லாம் சேர வேண்டும். ஓட்டல் எதற்கு என்றால், கப்பல் கிளம்பும் நாள் காலையில் போய் இறங்குவது சூதாட்டம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. இரவெல்லாம் தூங்காத குழந்தைகளோடு காலையில் டெர்மினல் வரிசையில் நிற்பதும் ஒரு தண்டனை. முந்தின நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்குவது நல்லது.

வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். கடல் சரியில்லை என்றால் கேப்டன் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். அதற்கான உரிமை டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கடல் குமட்டல் 2 வயது முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் அதிகம். கைக்குழந்தைகள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். மருந்து வேண்டுமா, எவ்வளவு என்பதை உங்கள் குழந்தை டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

போன் அடித்தால் யார் எடுப்பார்?

கப்பலும் தேதியும் முடிவானால், அதை எங்கே வாங்குவது என்ற கேள்வி வருகிறது. நிறுவனத்தின் சொந்த இணையதளம், டிராவல் ஏஜென்ட், எல்லாவற்றையும் விற்கும் ஆப், குரூப் டூர் என்று நான்கு வாசல்கள். எல்லோரும் முதலில் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். கேபின் விலை மட்டும் என்றால், நான்கு இடத்திலும் வித்தியாசம் பல நேரம் சின்னதாகத்தான் இருக்கும். ஏஜென்ட்டுக்குக் கிடைக்கும் கமிஷன் பெரும்பாலும் கப்பல் நிறுவனமே தருவது. ஆகவே, ‘ஏஜென்ட்டிடம் போனால் கூடுதலாகும்’ என்பது எப்போதும் உண்மையில்லை. விலையைவிடப் பெரிய வித்தியாசம், பிரச்னை என்று வரும்போது உங்களுக்காகப் பேசுவது யார் என்பதில் இருக்கிறது.

நேரடியாக நிறுவனத்திடம் எடுத்தால் பதிவு உங்கள் கையில். கேபினை மாற்றுவதோ, பாட்டியின் பெயரைச் சேர்ப்பதோ நீங்களே செய்துகொள்ளலாம். உட்கார்ந்து படிக்கப் பொறுமையும், ஆங்கிலத்தில் நீண்ட விதிமுறைகளைப் புரிந்துகொள்ளும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இதுவே நல்லது. டாலரிலோ சிங்கப்பூர் டாலரிலோ கார்டில் கட்டினால், வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் மூலம் எடுத்தால் அந்தப் பதிவு பெரும்பாலும் ஏஜென்ட்டின் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். பிறகு நீங்கள் நிறுவனத்துக்கு போன் போட்டு மாற்றம் கேட்டால், ‘உங்கள் ஏஜென்ட்டிடம் பேசுங்கள்’ என்பார்கள். நல்ல ஏஜென்ட் என்றால் இது வரம். மகனுக்குக் காய்ச்சல் வந்து பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிய நாளில், மணிக்கணக்கில் கஸ்டமர் கேர் இசையைக் கேட்கும் வேலை அவருடையது, உங்களுடையது அல்ல. ஏனோதானோ ஏஜென்ட் என்றால் நடுவில் ஒரு சுவர் எழுப்பிய கதைதான்.

நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்டுவதற்கு முன் குழந்தைகளைப் பற்றி அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். “குழந்தைகளோட டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க சார்” என்று முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பவர் தொழில் தெரிந்தவர். “எத்தனை அடல்ட், எத்தனை சைல்டு?” என்பதோடு நிறுத்திக்கொள்பவரிடம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லித் தனிப்பட்ட கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்பவரிடம் யோசிக்கவே வேண்டாம். யாரிடம் எடுத்தாலும், கப்பல் நிறுவனமே தரும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட்டின் ரசீது எண் அல்ல. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ ஆப்பிலோ போட்டு, ஐந்து பெயர்களும் வருகின்றனவா என்று அன்றைக்கே பார்த்துவிடலாம்.

ஆப்பில் ஒரு தட்டலில் வாங்குவது, கணவன் மனைவி இருவர் மட்டும் போகும்போது சௌகரியம். குழந்தைகள் இருந்தால், ‘தொட்டில் வேண்டும்’, ‘பக்கத்துப் பக்கத்து கேபின் வேண்டும்’ என்பதையெல்லாம் சொல்ல அங்கே பெட்டி இருக்காது. குரூப் டூர் வேறு வகை. சாப்பாடு, விசா, டூர் மேனேஜர் எல்லாம் சேர்ந்து வரும், பாட்டிக்குப் பேச்சுத்துணையும் கிடைக்கும். ஆனால், காலை 7 மணிக்கு லாபியில் நிற்க வேண்டும் என்ற அட்டவணை 4 மாதக் குழந்தைக்குத் தெரியாது.

வெளிநாட்டுப் பயணத்தை இந்தியாவில் உள்ள ஏஜென்ட்டிடம் தொகுப்பாக வாங்கினால், டி.சி.எஸ் என்று ஒரு தொகையும் வசூலிப்பார்கள். இது முன்கூட்டியே வாங்கும் வரி. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதனால் வரிக் கணக்கு தாக்கல் செய்பவரின் பான் எண்ணையே கொடுங்கள். பாட்டியின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை மீட்க அவர் பெயரில் கணக்கு தாக்கல் செய்ய அலைபவர்களும் உண்டு.

அந்த ‘இலவசம்’ எதற்கு?

கப்பல் கட்டணத்தின் அமைப்பு நம் ரயில் டிக்கெட்டைப் போல அல்ல. ஒரு கேபினுக்கு முதல் இரண்டு பேர்தான் முழுக் கட்டணம் கட்டுபவர்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவு, சில சலுகைகளில் பூஜ்யம். ‘குழந்தைகள் இலவசம்’ என்பது இந்தக் கேபின் கட்டணத்தை மட்டும்தான் குறிக்கும். துறைமுகக் கட்டணமும் வரியும் பொதுவாகத் தலைக்கு இவ்வளவு என்று வரும், கைக்குழந்தையின் தலையும் அதில் சேர்த்தி. ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகையை நாளொன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏற்றும் கப்பல்கள் இருக்கின்றன. சில நிறுவனங்கள் பால் குடிக்கும் குழந்தைக்கும் அதை வாங்குகின்றன. ஆகவே, விளம்பர விலையை விட்டுவிட்டு, ஐந்து பேர் பெயரையும் வயதையும் போட்டுப் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை ஒப்பிடுங்கள்.

நம் தாம்பரம் குடும்பத்தில் ஐந்து பேர். நான்கு பேர் கேபினில் மேலே இரண்டு படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். அதில் 5 வயதுக் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டுத் தாய் தூங்க முடியாது. பாட்டிக்கு ஏணி ஏற முடியாது. கீழே தொட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு, நடுவில் கதவு உள்ள இரண்டு ‘கனெக்டிங்’ கேபின்கள்தான் சரி. மொத்தமாகப் பார்த்தால், பெரிய ஃபேமிலி கேபின் ஒன்றைவிட இது மலிவாகவும் இருக்கலாம். இரண்டு குளியலறைகள் கிடைப்பது தனி லாபம்.

ஆனால், இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘கேரண்டி கேபின்’ என்று குறைந்த விலையில் விற்பார்கள். எந்த வகைக் கேபின் என்பது மட்டும் உறுதி, எந்த எண் என்பதை நிறுவனம் பிறகு முடிவு செய்யும். இரண்டு கேரண்டி கேபின் எடுத்தால் ஒன்று 6-வது தளத்தில், இன்னொன்று 9-வது தளத்தில் கிடைத்தாலும் கேள்வி கேட்க முடியாது. நள்ளிரவில் மகள் “பாட்டிகிட்ட போகணும்” என்று அழுதால், நைட்டியோடு லிஃப்டில் ஏற வேண்டியதுதான். குழந்தைகள் இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது கேபின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம் என்றால் ஆட்டம் குறைவு. இணையதளத்தில் தளவாரியான வரைபடம் இருக்கும். உங்கள் கேபினுக்கு நேர் மேலே டான்ஸ் ஃப்ளோரோ, நாற்காலிகளை இழுக்கும் நீச்சல் குளமோ இல்லை என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இனிஷியல் படுத்தும் பாடு

கப்பல் நிறுவனத்தின் விண்ணப்பம், குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே கடைசிப் பெயர் இருக்கும் என்று நினைத்து உருவாக்கப்பட்டது. நம் வீடுகளில் அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவுடையது, மகனின் கடைசிப் பெயர் அப்பாவுடையது, அம்மாவுடையது அவருடைய அப்பாவுடையது. மூன்று பாஸ்போர்ட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். பாட்டியின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலியாக இருக்கலாம். ஆதாரில் இருக்கும் இனிஷியலைப் பார்த்து டைப் செய்துவிட்டு, பாஸ்போர்ட்டில் அது விரிவாக இருந்தால் பெயர் பொருந்தாது. பெயரைத் திருத்தச் சில நேரம் கட்டணம், சில நேரம் புது டிக்கெட்டே எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து டைப் செய்யுங்கள். ஏஜென்ட் என்றால் போனில் பெயரைச் சொல்லாமல் பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள். குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தால், ‘இவர் உங்கள் மகன்தானா?’ என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும். பெற்றோரில் ஒருவர் மட்டுமோ, தாத்தா பாட்டி மட்டுமோ குழந்தையை அழைத்துப் போனால், வராதவர்களின் சம்மதக் கடிதம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

குழந்தையின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்குத்தான். மகளுக்குப் பிறந்த புதிதில் எடுத்தது என்றால் இப்போது காலாவதி ஆகியிருக்கும். பயணத் தேதியிலிருந்து குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவை, கைக்குழந்தைக்கும் தனி விசா. கப்பல் கிளம்பிவிட்டாலே நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர். எந்த ஊரிலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பினாலும் மறுபடி நுழைய விசா செல்ல வேண்டும். அதனால் ஒன்றுக்கும் மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் பினாங்கு, புக்கெட் என்று நின்றால் அந்த நாடுகளின் விதிகளும் சேரும். அவை மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும் மாதத்தில் ஒருமுறை பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல்

நம் குடும்பத்துக்கு என்ன முடிவு சரியாக வரும்? மகனுக்கு 6 மாதம் தாண்டி இன்னும் சில வாரங்கள் கழித்து ஒரு தேதி. முதல் பயணம் என்பதால் 2 அல்லது 3 இரவுகள் போதும். பாட்டி, கைக்குழந்தை, இரண்டு கேபின் என்று சிக்கல் அதிகம் என்பதால், கப்பல் பயணங்களை அடிக்கடி விற்கும் ஒரு ஏஜென்ட். அவர் தரும் விலையை நிறுவனத்தின் இணையதள விலையோடு ஒப்பிட்டுவிட்டு, ஒரே ஒரு மின்னஞ்சல். ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு பிடிப்பீர்கள், தேதியை மாற்ற முடியுமா, இரண்டு கேபினுக்கும் நடுவில் கதவு இருக்கிறதா, தொட்டில் உறுதியா, பாட்டிக்கு வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு கிடைக்குமா? போனில் எல்லாவற்றுக்கும் ‘ஆகட்டும் மேடம்’ என்றுதான் பதில் வரும். எழுத்தில் வந்தால்தான் கணக்கு. தொட்டில்கள் குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கும், முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். புடவையில் தூளி கட்ட அங்கே விட்டத்துக்கு எங்கே போவது!

கப்பலில் டாக்டரைப் பார்க்கத் தனிக் கட்டணம் உண்டு. அதனால், பயணக் காப்பீட்டில் கப்பல் பயணமும், நடுவழியில் கரைக்கு ஆஸ்பத்திரி கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். கஞ்சி காய்ச்ச மின்சாரக் குக்கர், கெட்டில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தீ அபாயம் என்பதால் சூடாக்கும் சாதனங்களைப் பல கப்பல்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெந்நீரும் குழைந்த சாதமும் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டால் கிடைக்கும்.

டிக்கெட் வந்த பிறகு, டெர்மினலுக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ஆன்லைன் செக்-இன்னில் நேரம் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். குழந்தை மதியம் தூங்கும் நேரத்தைக் கழித்துவிட்டு வேறு நேரத்தை எடுங்கள். பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். டயப்பர், பால் பவுடர், மருந்து, மாற்றுத்துணி, மகளின் நீச்சல் உடை எல்லாம் தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும்.